ஹெப்சிபா கார் ஓட்டக்கூடாது

ஜூன் 11

இன்று, என்னிடம் கார் பழகும் மேரி பூரணம் டீச்சர் மாநகராட்சிக் குப்பைத்தொட்டியில் காரை இடித்தார். காருக்கு ஒன்றுமில்லை, தொட்டிக்கு ஒன்றுமில்லை. டீச்சர் மட்டும் அழுதார்.

பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. என் டிரைவிங் ஸ்கூலை ஆரம்பித்த நாளிலிருந்து இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து பாளையங்கோட்டையின் பாதிப் பெண்களுக்குக் கார் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பிரேக் போடத் தாமதித்ததே இல்லை. இன்று நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. மீன் துள்ளுகிற மாதிரி. கண்முன் வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. பிரேக்கை மிதிக்க நினைத்தேன், கால் போகவில்லை. அதற்குள் தொட்டி வந்துவிட்டது.

வாயுதான். பெருங்காயம் போட்டு மோர் குடித்தேன்.

ஜூன் 13

வாயு இல்லையாம்.

தனசிங் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அழைத்துப் போனார் என்றால், நான் காரை ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். தனசிங் என் கணவர். கல்லூரி நூலகத்தில் வேலை, அடுத்த வருடம் ஓய்வு. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வியர்க்கும். டிரைவிங் ஸ்கூல்காரியின் புருஷன் டவுன் பஸ்ஸில் போகிறார் என்று ஊரே சிரிக்கும், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

டாக்டர் பெயர் நஸ்ரின். எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வயது இருக்கும். இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

டாக்டர் என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, காகிதத்தில் வந்த கோட்டைக் காட்டினாள். முதல் நாள் வகுப்புக்கு வந்தவர்கள் ஓட்டுகிற கார் போலக் கோடு போகிறது, நிற்கிறது, குதிக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயராம். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குகின்றன. அங்கே ரத்தம் தேங்கிக் கட்டிப் போகலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போகலாம். போனால் பக்கவாதம். இதை எல்லாம் காய்கறிக் கடையில் விலை சொல்வது போல் சொன்னாள். இரண்டு மாத்திரை. ஒன்று இதயத்தை நிதானப்படுத்த, இன்னொன்று ரத்தம் உறையாமல் இருக்க.

மயக்கம் வந்ததால் கார் ஓட்டக்கூடாதாம். சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"பிரேக்ல கால் வைக்கிற எந்த வேலையும் கூடாது ஆன்ட்டி."

ஆன்ட்டியாம். திரும்பி வரும்போது ஆட்டோவில் வந்தோம். சாயங்காலம் மாரித்தங்கம் போய் என் காரை எடுத்து வந்தாள். அவள் என்னிடம் கற்றுக்கொண்டு, என்னிடமே வேலைக்குச் சேர்ந்தவள். இனி வகுப்புகளை அவள் பார்த்துக்கொள்வாள். என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுப்பாள். இதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 17

சபையிலிருந்து பெண்கள் வந்து ஜெபித்தார்கள். ஜெபம் நீண்டுகொண்டே போனது. நடுவில் நான் கண்ணைத் திறந்து அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்தேன். முடிந்ததும் ஜாஸ்மின் அக்கா தன் சித்தப்பாவுக்கும் இதே வியாதிதான் என்றார். இப்போது எப்படி இருக்கிறார் என்று தனசிங் கேட்டார். அக்கா முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

காபி குடிக்கவே கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒருமனம். டாக்டர் ஒரு நாளைக்கு ஒன்று குடிக்கலாம் என்றாள். டம்ளரின் அளவை அவள் சொல்லவில்லை. நான் பெரிய டம்ளரை எடுத்துவிட்டேன்.

ஜூன் 23

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறார்கள். இந்த ரத்த மாத்திரையால் மூக்கில், ஈறில், வயிற்றில், தலைக்குள் எங்கு வேண்டுமானாலும் ரத்தம் கசியலாமாம். கட்டியும் மூளைக்குப் போகும், கட்டியைத் தடுக்கும் மாத்திரையும் மூளைக்குள் கசியும் என்றால் நான் யாரை நம்புவது? முதல் மாத்திரையை மட்டும் விழுங்குகிறேன். இரண்டாவதை, தனசிங் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்று பார்க்கும்போது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறேன். பிறகு மாடிப்படியில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் போகிறது.

பயம் எல்லாம் இல்லை. யோசித்து எடுத்த முடிவு.

ஜூலை 3

குரோட்டன்ஸ் மிக ஆரோக்கியமாக இருக்கிறது.

ஜூலை 8

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து கோணுகிறது.

இன்று நெல்லையப்பர் கோயில் தேரோட்டம். ஊரில் இருந்த ஆட்டோ எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனுக்குப் போய்விட்டது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது நெஞ்சுக்குள் துள்ளல் ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. கழுத்துவரை இடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தனசிங் பார்த்துவிட்டார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். நான் விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்து நின்றால் தெருவே கூடிவிடும், ஜாஸ்மின் அக்கா முறுக்கோடு வந்துவிடுவார். தனசிங் செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினார். ஆட்டோ இல்லை. திரும்பி ஓடி வந்தார். மறுபடியும் ஓடினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரித்தங்கம் தேர் பார்க்கப் போயிருந்தாள். எங்கள் கார் வாசலில், நேற்றுக் கழுவிய பளபளப்போடு நின்றது. மூன்றாவது தடவை அவர் திரும்பி வந்தபோது நான் சாவியோடு டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் இடது பக்கம் ஏறிக்கொண்டார். அந்தப் பக்கத்துக் கிளட்சும் பிரேக்கும் அவர் காலுக்கு நேர் கீழே.

நன்றாகத்தான் ஓட்டினேன். ஹைகிரவுண்ட் பகுதியைத் தாண்டியதும் ரோடு சாம்பல் நிறமாகப் போனது. முன்னால் ஒரு ஐஸ் வண்டி. பிரேக்கை மிதியுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் இரண்டு காலாலும் கிளட்சை மிதித்தார். என்ஜின் மாடு மாதிரிக் கத்தியது. எப்படியோ ஹேண்ட்பிரேக் என் கைக்குச் சிக்கியது, இழுத்தேன். வண்டி நின்ற பிறகும் அவர் காலை எடுக்கவில்லை. ஐஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே போய் பைக்கில் வந்த ஒரு பையனை நிறுத்தி, அந்தப் பையன் எங்கள் காரை ஓட்டி ஆஸ்பத்திரியில் விட்டான்.

டாக்டர் கேட்டபோது யாரோ ஒருவர் காரில் கொண்டுவந்து விட்டார் என்றேன். பொய் இல்லையே.

"இவதான் ஓட்டுனா. நான் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன்," என்றார் தனசிங்.



ஜூலை 9

டாக்டர் நஸ்ரின் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். நான் மாத்திரைக் காகிதத்தில் படித்ததையும் குரோட்டன்ஸ் விஷயத்தையும் சொன்னேன். தனசிங் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இதயத்துக்கு ஒரு சின்ன மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைப் பழைய வழிக்குக் கொண்டுவரலாமாம். ஆனால் அதற்கு முன்னால் சில வாரம் ரத்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். நான் செடிக்குப் போட்டதால் எல்லாம் முதலிலிருந்து.

"கசியும்னு படிச்சீங்கள்லா, அது எப்பவாவது நடக்கிறது, அதுக்கு நாங்க இருக்கோம். ஆனா ஒரு கட்டி போய் அடைச்சா, நாளைக்கு உங்க வாய்ல பேச்சு வராது ஆன்ட்டி. சார பேர் சொல்லிக் கூப்பிட முடியாது."

நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை, ஏங்க என்றுதான் கூப்பிடுவேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மாத்திரையை விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன்.

ஜூலை 16

தனசிங் காலையில் சீக்கிரமே கிளம்பிப் போகிறார். நூலகத்தில் புத்தகம் எண்ணுகிறார்களாம். ஒவ்வொரு வருடமும் எண்ணுவார்கள், ஆனால் கோடை விடுமுறையில்.

ஜூலை 21

செருப்பு போட்டுக்கொண்டு போகிறவர், இப்போது கான்வாஸ் ஷூ போடுகிறார். புதிது. சட்டை முதுகு நனைந்து வருகிறார். புத்தகம் எண்ணினால் இவ்வளவு வியர்க்குமா?

மீன் குழம்பு வைத்தேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 25

மாரித்தங்கம் வந்தாள். சாரை ஸ்டேடியம் பக்கம் டீக்கடையில் பார்த்தாளாம். யாரோடு என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்ல வந்து, சொல்லாமல், டெஸ்டுக்குப் போன பெண்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள்.

ஊரில் அந்தப் பக்கம்தான் அவரோடு முன்பு வேலை பார்த்த, கணவனை இழந்த சுகிர்தா இருக்கிறாள். நல்ல பெண். நன்றாகச் சமைப்பாள். இதை ஒரு தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜூலை 28

இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.

ஜூலை 30

கடையில் காய் வாங்கும்போது யோசித்தேன். நான் போன பிறகு ஒரு மனுஷன் எப்படி இருப்பது என்று இப்போதே பழகிப் பார்ப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. புத்திசாலி அப்படித்தான் செய்வான். கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

இன்று காலை ஆட்டோவில் ஸ்டேடியம் பக்கம் போனேன். மாரித்தங்கம் வகுப்பு எடுப்பதை மேற்பார்வை பார்க்க. வேறு காரணம் இல்லை.

அண்ணா ஸ்டேடியம் ரோட்டில் எல்லாமே நின்றுவிட்டது. பஸ், பைக், பள்ளிக்கூட வேன், எல்லாம் ஹாரன் அடித்தன. எல்லாருக்கும் முன்னால் ஒரு சிவப்புக் கார், மாட்டுவண்டி வேகத்தில். பின்னால் எல் போர்டு. அதற்கு மேல் மின்னல் டிரைவிங் ஸ்கூல் என்று எழுதியிருந்தது. மின்னல் டிரைவிங் ஸ்கூல், இசக்கி என்பவன் நடத்துவது. என் தொழில் எதிரி. மூன்றாம் கியர் வந்ததும் பாடம் முடிந்தது என்று அனுப்பிவிடுகிறவன்.

என் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "எவம்ல அது, பொணத்துக்கு முன்னால போற மாதிரி போறான்!"

ஆட்டோ பக்கவாட்டில் நெருங்கியது. இசக்கி இடது பக்கம் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். வலது பக்கம், முதுகை நேராக வைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, தனசிங்.

கடந்து போகாதீர்கள், பின்னாலேயே போங்கள் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டதைவிடக் கூடக் கொடுக்கிறேன் என்றதும் திரும்பிக்கொண்டார்.

வழியில் ஒரு பாலத்தின் ஏற்றத்தில் கார் நின்றுபோனது. பின்னால் உருண்டு வந்தது, நேராக எங்கள் ஆட்டோவை நோக்கி. ஆட்டோக்காரர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். நானும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன். கார் நின்றது. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கழுத்தின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது, வியர்த்துக் கொட்டிக்கொண்டு. நான் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கிளட்சை மெதுவாக விடுங்கள், மெதுவாக, அவசரமே இல்லை. வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது, ஆட்டோக்காரர் மறுபடியும் திரும்பினார்.

கார் குலுங்கிக் கிளம்பி ஏறியது.

மேற்பார்வைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் எனக்குக் கண்ணில் தூசி.

அவர் சாயங்காலம் வந்து காபி குடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"கிளட்ச்லயே கால வச்சிட்டு ஓட்டாதீங்க," என்றேன். "அதான் கெண்டைக்கால் வலிக்கு."

டம்ளரைக் கீழே வைத்தார். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா, இசக்கியா, என் மானம் போயிற்று, நான் இருக்கும்போது என்னிடம் கேட்டால் என்ன என்று நான்தான் பேசிக்கொண்டே போனேன்.

"நீ சொல்லிக்குடுத்தா கத்துவ. கத்துனா உனக்குப் படபடன்னு வரும்," என்றார். பிறகு, "தேரோட்டத்தன்னைக்கு வாசல்ல கார் நிக்கி, சாவி கையில இருக்கு, நான் வெறுங்காலோட ஆட்டோ தேடி ஓடுதேன். நீ உசிரக் கையில பிடிச்சிட்டு என்னைக் கூட்டிட்டுப் போற. இன்னொரு தடவ என்னால அப்படி உக்காந்து வர முடியாது ஹெப்சி."

சுகிர்தாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ராத்திரிக்குச் சப்பாத்தி.

ஆகஸ்ட் 6

இசக்கியிடமிருந்து ஆளை மீட்டுவிட்டேன். காலையில் மாரித்தங்கம் முன்னால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். நான் பின்னால் உட்காருகிறேன். என் சொந்தக் காரின் பின் இருக்கை இவ்வளவு குறுகலானது என்று இன்றுதான் தெரியும். நிபந்தனை, நான் வாயைத் திறக்கக்கூடாது. வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏலக்காய் தூளாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 14

இன்று தனசிங்குக்கு லைசென்ஸ் டெஸ்ட். ரிவர்ஸில் கம்பத்தைச் சாய்த்தார். பெயில்.

அதே டெஸ்டில் இசக்கியின் ஆள் மூன்று பேரும் பாஸ். அவன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். என் நாடித் துடிப்பை அப்போது யாராவது எடுத்திருந்தால் மறுபடியும் கட்டிலில் படுக்கவைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 19

மின்அதிர்ச்சி. காலையில் தனசிங் ஓட்ட, எல் போர்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாரித்தங்கம் அவருக்குப் பக்கத்தில், நான் பின்னால். ஒரு இடத்திலும் வண்டி நிற்கவில்லை.

உள்ளே கொண்டுபோகும் முன், ஏதாவது சொல்லணுமா என்று அவர் கேட்டார். அரிசி ஊறப் போட்டிருக்கிறேன், போய் ஆட்டிவிடுங்கள் என்றேன். வேறு சொல்ல இருந்தது. கூட்டமாக இருந்தது, நர்ஸ்கள் எல்லாம் நின்றார்கள்.

மயக்க ஊசி போட்டதும் எதுவும் தெரியவில்லை. விழித்தபோது நெஞ்சுக்குள் ஒரு சத்தமும் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு தனசிங் குனிந்து பார்த்தார், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். பரலோகத்தில் அப்படி விடமாட்டார்கள்.

டாக்டர் காகிதத்தைக் காட்டினாள். கோடு ஒழுங்காக, சம இடைவெளியில், சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வரிசையில் போவது போலப் போனது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். தனசிங் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் காகிதம், திருப்பிக் கொடுங்கள் சார் என்று நர்ஸ் கேட்டாள். அவர் காது கேட்காதவர் போல இருந்துவிட்டார்.

ஆகஸ்ட் 27

பாஸ். கம்பத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு காகிதம்கூடப் போகாது. ஆனால் தொடவில்லை.

செப்டம்பர் 24

இன்று மறுபரிசோதனை. தனசிங் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனார். அவர் நிறுத்தி வருவதற்குள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஒயர் ஒட்டி, கோடு எடுத்து, பார்த்தும் முடித்துவிட்டாள்.

நன்றாக இருக்கிறதாம். மறுபடியும் வரவே வராது என்று சொல்ல மாட்டாளாம், இது அப்படிப்பட்ட வியாதி, வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ரத்த மாத்திரை தொடர வேண்டும், செடிக்கு இல்லை. பிறகு, மயக்கம் எதுவும் வராததால் வகுப்பு எடுக்கலாம், காரும் ஓட்டலாம் என்றாள். நான் நன்றி சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அதிக நேரமே சொன்னேன் போல, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வெளியே வந்தால், தனசிங் இன்னும் இரண்டு கார்களுக்கு நடுவில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தார். வாட்ச்மேன் ஸ்டியரிங்கை ஒடிங்க, ஒடிங்க என்று கையைக் காட்டினார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கடைசியில் கார் கோட்டுக்குள் நேராக நின்றது. இறங்கி, நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னைக் கண்டதும் வேகமாக வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"டாக்டர் என்ன சொன்னா?"

"கிளாஸ் எடுக்கலாமாம்."

"வண்டி ஓட்ட?"

"அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமாம்."

அவர் கவலைப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டார். அது அவருக்குச் சரியாக வரவில்லை.

"சரி. வெயிலா இருக்கு, நீ இங்கனயே நில்லு. நான் வண்டிய எடுத்துட்டு வாரேன்."

சாவியை விரலில் சுற்றிக்கொண்டே போனார். பாதி தூரத்தில் அது தவறிக் கீழே விழுந்தது. எடுத்து, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.